கோட்டுக்கு முன்னால் ஒரு வினைமுற்று

1

இந்தக் கதை எனக்காகத் தோன்றியதில்லை. ஒருவர் வந்து கேட்டார். அவரும் கதையைக் கேட்கவில்லை, ஒரே ஒரு வாக்கியத்தைத்தான் கேட்டார்.

கேட்டவர் என் நாத்தனார். கணவரின் அக்கா. பாடப்புத்தகங்கள் போடும் பதிப்பகம் ஒன்றுக்கு மெய்ப்புத் திருத்திக் கொடுப்பவர். நாங்கள் எல்லோரும் ஒரே வீட்டில் இருக்கிறோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தபோது, தன் மோட்டார் சக்கர நாற்காலியைச் சமையலறை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார்.

"எழுத்து, எனக்கு ஒரு வாக்கியம் வேணும்."

(எழுத்து என்பது நான்தான். கல்யாணமாகி வந்த புதிதில் நான் கதை எழுதுவேன் என்று தெரிந்ததும் அவர் வைத்த பெயர். பாராட்டா நக்கலா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.)

"எதுக்கு அண்ணி?"

"பௌலிங்குக்கு."

பௌலிங் என்றதும் மட்டையையும் விக்கெட்டையும் நினைத்துக்கொண்டவர்கள் தயவுசெய்து திரும்பி வரவும். இது உள்ளரங்கில் ஆடுவது. எண்ணெய் பூசிய நீளமான மரத்தடம், அதன் கோடியில் பத்துக் கட்டைகள், அவற்றைச் சாய்க்க ஒரு கனமான பந்து. அந்தக் கட்டைகளுக்குப் பின் என்று பெயர். முதல் வரைவில் நானும் அப்படித்தான் எழுதியிருந்தேன். "பின் விழுந்தது" என்ற இடத்தில் நாத்தனார் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு, "எதற்குப் பின்?" என்று கேட்டிருந்தார். அதனால் இனிமேல் கட்டை.

ஆமாம், இந்தக் கதைக்கும் அவர்தான் மெய்ப்புத் திருத்துகிறார். இலக்கியப் பெருவெளியில் கதாநாயகியிடமே பேனாவைக் கொடுத்த முதல் முட்டாள் நானாகத்தான் இருப்பேன். சதுர அடைப்புக்குள் வருவதெல்லாம் அவர் ஓரத்தில் எழுதியது. [இலக்கியப் பெருவெளியா? அது என்ன? "வேறு வேலையில்லாமல்" என்று எழுது.]

வேறு வேலையில்லாமல்.

2

தொடக்கம், முதல் முயற்சி:

விதி அவளை நாற்காலியில் முடக்கிப் போட்டபோதும் அவளுடைய சக்கரங்களே சிறகுகளாகி—

[சிறகு யாருக்கு, டயருக்கா? நான் முடங்கிக் கிடந்தது நாற்காலி வாங்குறதுக்கு முன்னாடி. வாங்கினப்புறம் ஊர் சுத்திக்கிட்டு இருக்கேன்.]

இரண்டாம் முயற்சி:

அந்தக் கூடத்துக்குள் நுழைந்ததும் இடி முழக்கம் போன்ற ஒரு பேரோசை—

[இடி இல்ல. மேல்வீட்டுக்காரங்க கட்டிலை இழுக்குற சத்தம்.]

மூன்றாம் முயற்சியை நான் உங்களுக்குக் காட்டப்போவதில்லை. அதில் ஒரு கண்ணீர்த்துளி இருந்தது. அந்தப் பக்கம் முழுவதும் குறுக்கே ஒரு கோடு, அவ்வளவுதான், ஒரு வார்த்தைகூட எழுதவில்லை.

சரி, அலங்காரத்தை மூட்டை கட்டிவிட்டு நேராகவே சொல்கிறேன்.

3

நாத்தனாருக்குத் தசையில் ஒரு நோய். கைகாலில் வலு குறைவு. அதோடு ஒரு வினோதமும் உண்டு. மூடிய கை உடனே திறக்காது. செய்தித்தாளைக் கொடுத்தால் வாங்கிக்கொள்வார், திருப்பிக் கேட்டால் சின்ன இழுபறி நடக்கும். "நான் கஞ்சம் இல்ல, என் கைதான் கஞ்சம்" என்பார். குளிரில் இன்னும் மோசம். விடாமல் மூடித் திறந்துகொண்டிருந்தால் விரல்கள் இளகும். கொஞ்சம் சும்மா இருந்தால் பழையபடி பிடித்துக்கொள்ளும்.

இப்போது ஆட்டம். நாற்காலியின் முன்னால் உலோகத்தில் ஒரு சறுக்கைப் பொருத்துவார்கள், குழந்தைகள் பூங்காவில் இருப்பதுபோல. அதன் உச்சியில் பந்து உட்கார்ந்திருக்கும். நாற்காலியைக் கோட்டை நோக்கி வேகமாக ஓட்டி, கோட்டுக்கு முன்னால் சட்டென்று நிறுத்த வேண்டும். நாற்காலி நிற்கும், பந்துக்கு நிற்கத் தெரியாது. சறுக்கில் இறங்கித் தடத்தில் ஓடிவிடும். அணியின் கேப்டன் ஒரு காலத்தில் பேருந்து ஓட்டியவர், இப்போது அவரும் சக்கர நாற்காலியில்தான். எனக்கு இதை விளக்கியவர் அவர்.

"சடன் பிரேக் போட்டா நின்னுக்கிட்டு வர்றவங்க முன்னாடி வந்து விழுவாங்கல்ல? அதேதான். அப்ப திட்டு வாங்கினேன், இப்ப கைதட்டு வாங்குறேன்."

ஆக, இங்கே எறிவது என்று ஒன்று இல்லை, நிறுத்துவதுதான் எறிவது. நாற்காலியை எப்படி நிறுத்துவது? கைப்பிடியில் ஒரு குச்சி இருக்கிறது. முன்னால் தள்ளினால் ஓடும். விட்டால் நிற்கும்.

விட்டால்தானே. விரல்கள் விடாவிட்டால் முன்சக்கரம் கோட்டைத் தாண்டும், ஊளைச் சத்தம் ஒன்று கூடம் முழுக்கக் கேட்கும், அந்தப் பந்துக்குப் பூஜ்யம். போன பருவம் வரை நாத்தனாருக்கு ஊளை அபூர்வம். இந்தப் பருவத்தில் கை இன்னும் கொஞ்சம் கஞ்சமாகிவிட்டது.

4

இங்கே என் கணவரைப் பற்றி ஒரு சந்தேகத்தைச் சொல்லிவிட வேண்டும். கதாபாத்திரமாக அவர் தேறவில்லை. வாராவாரம் அக்காவை வேனில் கூட்டிப்போகிறார், பந்தைத் தூக்கிச் சறுக்கில் வைக்கிறார், எல்லோருக்கும் தேநீர் வாங்கிக் கொடுக்கிறார். இவ்வளவு நல்லவரை வைத்துக்கொண்டு ஒரு பக்கம்கூட ஓட்ட முடியாது. ஏதாவது தப்பு செய்ய வைக்கலாமா என்று யோசித்தேன். நல்லவேளை, அவரே செய்துவிட்டார்.

அரையிறுதி ஆட்டம். நாத்தனாரின் முதல் இரண்டு பந்துக்கும் ஊளை. மூன்றாவது பந்தை வைத்துவிட்டு என் கணவர் நாற்காலிக்குப் பின்னாலேயே நடந்தார். நாற்காலியின் முதுகில் ஒரு பொத்தான் உண்டு, அவசரத்துக்கு இன்னொருவர் நிறுத்துவதற்காக வைத்தது. துணைக்கு வருபவர் அதை அழுத்த ஆட்ட விதியிலும் இடம் இருக்கிறது. கோடு நெருங்கியதும் அழுத்திவிட்டார்.

பத்துக் கட்டையும் படுத்துவிட்டன. கூடமே எழுந்து கத்தியது. கேப்டன் தன் நாற்காலியை ஒரு சுற்று சுற்றினார். நானும் கைதட்டினேன், மறைப்பானேன்.

நாத்தனார் மட்டும் நாற்காலியைத் திருப்பினார்.

"யாரு நிறுத்துனது?"

"நான்தான்க்கா."

"நான் சொன்னேனா?"

"இல்லக்கா, ஊளை அடிச்சுடுமேன்னு..."

"அடிச்சா அது என் ஊளை." பிறகு நடுவரைக் கூப்பிட்டார். "இந்தப் பந்தைக் கணக்குல எடுக்காதீங்க. நான் போடலை, என் தம்பி போட்டான்."

"விதிப்படி செல்லும்மா இது."

"செல்லும். என்னோடது இல்லையே."

கேப்டன் தலையில் அடித்துக்கொண்டார். அந்தப் பத்தையும் இழந்து, எதிரணியின் கடைசி ஆள் பந்தைத் தடத்தின் ஓரத்து வாய்க்காலில் விட்ட புண்ணியத்தில் எங்கள் அணி மயிரிழையில் தப்பியது. வீட்டு வாசலில் என் கணவர் மெதுவாகச் சொன்னார்.

"உன் நல்லதுக்குத்தானேக்கா செஞ்சேன்."

"தெரியும்டா. கெட்டதுக்குச் செஞ்சிருந்தா ரெண்டு திட்டு திட்டிட்டு மறந்திருப்பேன்."

மறுநாள் கேப்டன் நாத்தனாரைக் கைப்பேசியில் அழைத்தார். அவர் நாத்தனாரைக் கூப்பிடுவது திருத்தம்மா என்றுதான். மனிதர் கெட்டவர் இல்லை, ஆனால் நான்கு பேர் ஆடும் அணி, மற்ற மூன்று பேரும் வருடம் முழுக்க உழைத்திருக்கிறார்கள். "திருத்தம்மா, ஃபைனல்ல ஒரே ஒரு ஊளை கேட்டாலும் அதோட சரி. அப்புறம் தம்பிதான் நிறுத்துவாரு. அதுக்கு ஒத்துக்கலேன்னா வேற ஆளைப் போடுறதைத் தவிர எனக்கு வழியில்ல." நாத்தனார் சரி என்றார். அதற்குப் பிறகுதான் சமையலறை வாசலுக்கு வந்தார்.

5

"வாக்கியம் எதுக்கு அண்ணி? ஒண்ணு ரெண்டு மூணுன்னு எண்ணிக்கிட்டே போகலாமே."

"எண்ணிப் பார்த்துட்டேன். எண்ணுக்கு முடிவு கிடையாது. மூணுன்னா நாலு, நாலுன்னா அஞ்சுன்னு போய்க்கிட்டே இருக்கும், கையும் கூடவே போகுது. வாக்கியம் அப்படியில்ல. வினைமுற்று வந்தா நின்னே ஆகணும்."

பள்ளியில் தமிழ் வகுப்பில் தூங்கியவர்களுக்காக: வாக்கியத்தை முடித்துவைக்கும் வினைச்சொல்தான் வினைமுற்று. வந்தாள், போனாள், சாத்தினாள். நம் மொழியில் அது கடைசியில்தான் வரும். பல வருடங்களாக அதற்கப்புறம் ஒரு புள்ளி வைத்து வைத்து நாத்தனாரின் உடம்பே அதற்குப் பழகிவிட்டது. அவருடைய திட்டம் இதுதான். குச்சியைத் தள்ளும்போது மனதுக்குள் வாக்கியத்தைத் தொடங்குவது, வினைமுற்று வருகிறது என்று தெரிந்தவுடனேயே விரல்களை விடத் தொடங்குவது, புள்ளி வைக்கும்போது கை திறந்திருப்பது. வாக்கியத்தின் நீளம் மட்டும் சரியாக அமைய வேண்டும்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை வருடத்தில் என்னிடம் யாரும் ஓர் அவசரத்துக்கு வாக்கியம் கேட்டதில்லை. இருப்பதிலேயே நல்லதாக ஒன்றை எழுதி எடுத்துக்கொண்டு பயிற்சிக்குப் போனேன்.

வெளிச்சம் வழுக்கிக்கொண்டிருந்த மரத்தரையின் மீது தன் நிழலைத் தானே துரத்திச் செல்பவளைப்போல யாரிடமும் சொல்லாத ஓர் ஆசையின் கனத்தோடு அவள்—

ஊளை.

"இவ்வளவு நேரம் இவ எங்கதான் போறா? வினைமுற்று வர்றதுக்குள்ள நான் கட்டையோட கட்டையா நிப்பேன்."

அவள் வந்தாள்.

நாற்காலி வேகமே எடுக்கவில்லை. பந்து பாதித் தடத்தில் யோசித்து யோசித்துப் போய் ஓரக்கட்டை ஒன்றைத் தொட்டுவிட்டு நின்றது.

அவள் வந்து, ஒரு கணம் தயங்கி, பிறகு—

இதில் காற்புள்ளி இருப்பதை நான் கவனிக்கவில்லை. நாத்தனாரின் விரல்கள் கவனித்துவிட்டன. முதல் காற்புள்ளியிலேயே குச்சியைத் தளர்த்திவிட்டார், நாற்காலி பாதி வழியில் குலுங்கி நின்றது, பந்து பொத்தென்று தரையில் இறங்கியது. "காற்புள்ளி போட்டா நான் என்ன செய்யறது? தொழில் பழக்கம்" என்றார். கேப்டன் சிரித்த சிரிப்பில் அவருடைய நாற்காலியும் சேர்ந்து ஆடியது.

வாழ்க்கை தன்னிடமிருந்து பறித்துக்கொண்ட அனைத்தையும் ஒருநாள் மீட்டெடுப்பேன் என்று அவள் சூளுரைத்தாள்.

இது நீளம் சரிதான். ஆனால் நடுவழியில் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பந்து வாய்க்காலில் போனது.

(என் கதைகளுக்கு மதிப்புரை எழுதுகிறவர்கள் உண்டு. "மொழி செறிவானது" என்பார்கள், "சற்றே நீளம்" என்பார்கள். எதை வைத்துச் சொல்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்ததே இல்லை. இங்கே சந்தேகத்துக்கே இடமில்லை. ஒரு வாக்கியம், விழுந்தது ஒரு கட்டை. அவ்வளவுதான் என் தகுதி.)

கடைசியில் சலித்துப்போய், வெளியே பார்த்துக்கொண்டே வாய்க்கு வந்ததைச் சொன்னேன்: மழை வரும்போலிருக்கிறது என்று சொல்லிக்கொண்டே அவள் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினாள்.

எட்டுக் கட்டை. மறுபடியும் அதே வாக்கியம், ஒன்பது. கோட்டுக்கு ஒரு சாண் இருக்கும்போதே நாற்காலி நின்றது.

"இதுல ஒண்ணுமே இல்லையே அண்ணி" என்றேன்.

"ஒண்ணும் இல்லாததாலதான் ஓடுது. நீ எழுதினதுலேயே இதுதான் உருப்படி."

அன்றைக்கு எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வீட்டுக்கு வரும்வரை சந்தோஷமாகவே இருந்தேன்.

6

இறுதி ஆட்டம். அவள் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினாள், ஏழு. சாத்தினாள், ஒன்பது. மறுபடி சாத்தினாள், எட்டு. எந்த வீட்டு ஜன்னலையும் யாரும் இத்தனை முறை சாத்தியிருக்க மாட்டார்கள். என் கணவர் ஒவ்வொரு பந்தையும் வைத்துவிட்டு, அக்கா கண்ணில் படுகிற மாதிரி தள்ளிப்போய்க் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். அது அக்காவின் கட்டளை. இரண்டு அணிகளும் முட்டி மோதிக்கொண்டு வந்தன. கடைசிப் பந்து நாத்தனாருடையது.

அப்போது கட்டைகளை நிமிர்த்தி வைக்கும் இயந்திரம் சிக்கிக்கொண்டது. ஒரு பணியாள் தடத்துக்குப் பின்னால் போய் அதைத் தட்டிக்கொண்டும் திட்டிக்கொண்டும் இருந்தார். தலைக்கு மேலேயே குளிர்க்காற்று வரும் துவாரம். நாத்தனார் கையை மூடித் திறந்து பார்த்தார். பிறகு கம்பளித் துணிக்குள் வைத்துக்கொண்டார். மூடுவது நடந்தது, திறப்பது நேரமாக ஆக மெதுவானது. இயந்திரம் சரியாகிக் கட்டைகள் நின்றபோது அவருடைய கை முழுக்கப் பிடித்துக்கொண்டுவிட்டது. நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

"எழுத்து, ஜன்னல் பத்தாது. இப்ப விடறதுக்கே ரொம்ப நேரம் ஆகும். முன்னாடியே தொடங்கணும். இதைவிட நீளமா ஒண்ணு குடு."

நான் எழுத்தாளர். புத்தகங்கள் போட்டிருக்கிறேன். வாயைத் திறந்தேன்.

"அவள்..." என்றேன்.

"அவள்னா?"

அவ்வளவுதான் வந்தது. அதற்குமேல் ஒரு சொல் இல்லை. வாக்கியம் கேட்டு ஒருவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்க, நான் முழித்துக்கொண்டு நின்றேன். என் பிழைப்பில் இதைவிடக் கேவலமான தருணம் கிடையாது.

கேப்டன் என் கணவர் பக்கம் சாய்ந்து, "தம்பி, பொத்தானைப் பிடிச்சுக்கங்க" என்று முணுமுணுத்தார்.

"அக்கா சொன்னா பிடிக்கறேன்" என்றார் என் கணவர். கட்டிய கை கட்டியபடியே இருந்தது. இந்த மனிதரை நான் கதாபாத்திரமாகத் தேறவில்லை என்று எழுதியதற்கு வருந்துகிறேன். [அடிக்காதே, இருக்கட்டும். அவனும் படிக்கட்டும்.]

நாத்தனார் எங்கள் மூவரையும் ஒரு பார்வை பார்த்தார். குச்சியைத் தள்ளினார். நாற்காலி கிளம்பியது.

உதடுகள் அசைந்தன. என்ன சொல்கிறார் என்று கேட்கவில்லை. நான் கட்டைகளைப் பார்க்கவில்லை, கோட்டைப் பார்க்கவில்லை, அந்தக் கையை மட்டும் பார்த்துக்கொண்டு கூடவே ஓடினேன். பாதி வழியிலேயே கட்டைவிரல் நகரத் தொடங்கியது. பிறகு ஆள்காட்டி விரல். மற்ற விரல்கள் மனமேயில்லாமல் ஒவ்வொன்றாக அவிழ்ந்தன. குச்சி தானாக நடுவுக்குத் திரும்பியது. நாற்காலி நின்றது. பந்து போய்விட்டது.

ஊளை கேட்கவில்லை.

நான் அழுதேன். [உண்மை. இருக்கட்டும்.]

7

இனி முடிவு. மூன்று எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவில் பத்துக் கட்டையும் விழுகின்றன. [சினிமா.]

இரண்டாவதில் ஒன்றுகூட விழவில்லை, ஆனாலும் அவள் புன்னகைக்கிறாள். [நான் ஏன் புன்னகைக்கணும்? எரிச்சல்தான் வரும்.]

மூன்றாவதில் ஒன்பது விழுந்து, பத்தாவது விழவா வேண்டாமா என்று ஆடிக்கொண்டே இருக்க, கதை அங்கேயே நின்றுவிடுகிறது. [கட்டை அப்படியெல்லாம் ஆடிக்கிட்டே இருக்காது. ஒண்ணு விழும், இல்ல நிக்கும். யாரை ஏமாத்தப் பார்க்கிற?]

உண்மையில் எத்தனை விழுந்தது என்றால், நான் கையைப் பார்த்துக்கொண்டிருந்ததால் எனக்குத் தெரியாது என்று முதலில் எழுதினேன். அது பொய். பிறகு புள்ளிப் பலகையில் பார்த்தேன். நாத்தனார் அந்த எண்ணை அடித்துவிட்டார். [எண்ணைப் போட்டா அதை மட்டும்தான் எல்லாரும் படிப்பாங்க. ஊளை இல்ல. அடுத்த பருவமும் நான்தான் நிறுத்துவேன். அது போதும்.] கேப்டனின் கூச்சலை வைத்து நீங்கள் எதையும் கண்டுபிடிக்க முடியாது. அவர் பத்து விழுந்தாலும் கத்துவார், பந்து வாய்க்காலில் போனாலும் அதே சுருதியில் கத்துவார்.

வேனில் திரும்பும்போது அக்காவும் தம்பியும் பழையபடி சண்டை போட்டுக்கொண்டு வந்தார்கள், பந்தை வைக்கும்போது அதன் விரல் துளைகளை எந்தப் பக்கம் பார்க்க வைத்தார் என்பதைப் பற்றி. நான் இடையில் புகுந்தேன்.

"அண்ணி, கடைசிப் பந்துக்கு என்ன வாக்கியம் சொன்னீங்க?"

"உன்னைத்தான் திட்டினேன்."

"என்னையா?"

"பின்னே? கேட்ட நேரத்துல வாயைப் பொளந்துக்கிட்டு நிக்கிறியே. பத்திக்கிட்டு வந்துது. ஆனா ஒண்ணு, நல்ல நீளமான வாக்கியம். காற்புள்ளியே இல்ல."

"சொல்லுங்களேன்."

சொன்னார். வினைமுற்று இல்லாமல் நின்றது.

"முடிக்கலையே அண்ணி."

"முடிக்கலை. அதுக்கு முன்னாடியே கை திறந்துடுச்சு. கை திறந்தப்புறம் எனக்கு எதுக்கு வினைமுற்று?"

அதை நானே முடித்து, இந்தக் கதையின் கடைசி வரியாக வைத்திருந்தேன். என் பக்கம் கொஞ்சம் சாதகமாகத்தான் முடித்திருந்தேன். மெய்ப்பு திரும்பி வந்தபோது அந்தக் கடைசிச் சொல்லைக் காணோம், சிவப்புக் கோடு மட்டும் இருந்தது. நம் மொழியில் ஒரு காரியம் நடந்ததா, நடக்கவில்லையா, நடக்கவே நடக்காதா என்பதெல்லாம் அந்தக் கடைசிச் சொல்லில்தான் இருக்கிறது. அதுவரை சொன்னது எதையும் நம்ப முடியாது. ஓரத்தில் நாத்தனார் எழுதியிருக்கிறார்: [இதை முடிக்க நீயும் ஆள் இல்ல, நானும் ஆள் இல்ல. படிச்சவங்ககிட்ட விடு.]

விட்டுவிட்டேன். அவர் அன்று நாற்காலியில் போய்க்கொண்டே சொன்னது இதுதான்:

பொழுதன்னைக்கும் பேனாவும் கையுமா உட்கார்ந்திருக்கிற இந்த எழுத்து என்னைப் பத்தி ஒரே ஒரு கதையாவது உருப்படியா